கார்டு விலையைக் கேட்கும் முன் டிரைவரைக் கேளுங்கள்

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் டிடிபியும் வீடியோ எடிட்டிங்கும் செய்து பிழைக்கிறேன். பௌர்ணமி கிரிவலக் காட்சிகள், சத்சங்க உரைகள், அடியார்கள் சொந்தச் செலவில் போடும் சிறு புத்தகங்கள், கல்யாண ஆல்பங்கள் என்று வேலை வரும். எல்லாம் டெபியன் லினக்ஸில்தான். வீடியோவுக்கு கேடன்லைவ், பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ், படத்துக்கு இங்க்ஸ்கேப். அதனால் கல்லூரிப் பிள்ளைகள் வந்தால், "அக்கா, கம்மி விலையில லினக்ஸுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்று கேட்பார்கள். "அதோட டிரைவர் யார் கையில இருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

விலையை ஒருநாள் கொடுத்து முடித்துவிடலாம். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், அந்தக் கார்டு ஓடும் காலம் முழுக்க வேண்டும். அதன் மூலநிரல் கம்பெனியின் பூட்டுக்குள் இருந்தால், அவர்கள் கைவிடும் நாளில் நன்றாக ஓடும் கார்டும் முடங்கத் தொடங்கும். நிரல் பொதுவில் இருந்தால் லினக்ஸ் கர்னலோடும் மெஸா தொகுப்போடும் சேர்ந்து புதுப்பிக்கப்பட்டு வரும். கம்பெனி விலகினாலும் வேறொருவர் எடுத்துச் சரிசெய்ய வழி இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுக் கார்டு வாங்க வசதியுள்ளவருக்கு இது பெரிய விஷயமில்லை. கடன் வாங்கி ஒரே ஒரு கார்டு வாங்கும் மாணவருக்கு இதுதான் விஷயம்.

நடந்ததைப் பாருங்கள். 2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய ஏஎம்டி, அடுத்த ஆண்டே சிப்புகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015இல் ஏஎம்டிஜிபியு என்ற திறமூல டிரைவர் கர்னலின் 4.2 பதிப்பில் சேர்ந்தது. 2017இல் வந்த ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகள் அதில்தான் ஓடுகின்றன. அதே ஏஎம்டி 2023இல் விண்டோஸுக்கான டிரைவரில் இந்தத் தலைமுறைக்குத் தரும் கவனிப்பைக் குறைத்துக்கொண்டது. லினக்ஸில் அந்தக் கார்டுகள் வழக்கம்போல ஓடுகின்றன. இன்னும் பழையது ஒன்று: 2012இல் விற்பனைக்கு வந்த ரேடியான் எச்டி 7970. அந்தத் தலைமுறைக் கார்டுகள் ஏஎம்டிஜிபியு டிரைவரில் சரியாக ஓட, வால்வ் நிறுவனத்துக்காக வேலை செய்யும் டிமூர் கிறிஸ்டோஃப் 2025இல் உட்கார்ந்து நிரல் எழுதினார். பதின்மூன்று வருஷத்துக் கார்டுக்குப் புது நிரல்!

மறுபக்கம் என்விடியா. ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, கம்பெனி கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டு முழு வேகத்துக்குப் போகாது. நுவோ என்ற திறமூல டிரைவரை எழுதிய தன்னார்வலர்கள் 900, 1000 வரிசைகளில் இந்தச் சுவரில்தான் முட்டி நின்றார்கள். 2022இல் என்விடியா தன் கர்னல் பகுதியின் நிரலைத் திறந்தது. ஆனால் அது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 தலைமுறையிலிருந்துதான் பொருந்தும். 900, 1000 வரிசைகளுக்கு 2025இல் வந்த 580 பதிப்புத் தொடரே கடைசி. ஜிடிஎக்ஸ் 1050 டிஐயும் 1060உம் இன்றும் செகண்ட் ஹேண்டில் கைமாறும் கார்டுகள். வாங்குகிறவருக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டாமா?

என்னைக் கேட்டால், முதலில் கார்டு தேவையா என்று பாருங்கள். ரைசன் 5 5600ஜி போன்ற சிப்பிலேயே கிராபிக்ஸ் இருக்கிறது. இன்டெல் சிப்புகளின் உள் கிராபிக்ஸும் பல ஆண்டுகளாகத் திறமூல டிரைவரில் ஓடுகிறது. டிடிபிக்கும் சாதாரண எடிட்டிங்குக்கும் அது போதும். கார்டுதான் வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 570, பத்தாயிரத்துக்குள் கிடைக்கும். அது 150 வாட் இழுக்கும். உங்கள் கேபினெட்டில் உள்ள மலிவு எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்று பாருங்கள். தாங்காதென்றால் 50 வாட்டில் ஓடும் ஆர்எக்ஸ் 550 உண்டு. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறைக்கும் அது தோது. ஆர்எக்ஸ் 6400 புதிது, மின்சாரமும் குறைவு, ஆனால் அதில் வீடியோ என்கோடர் கிடையாது. எடிட்டிங் செய்கிறவர்கள் தவிர்த்துவிடுங்கள். இன்டெல் ஆர்க் ஏ380 வீடியோவுக்கு அருமையானது, ஏவி1 என்கோடிங்கூட உண்டு. ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய மதர்போர்டில் மட்டும் அதைப் போடாதீர்கள், வேகம் வெகுவாகக் குறையும்.

கார்டு வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் பென்டிரைவில் டெபியன் லைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்த பிறகு, தேவையான மூடிய ஃபர்ம்வேரும் அதிலேயே வருகிறது. (ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கும் அந்தச் சிறு மூடிய பகுதி தேவை என்பதை மறைக்கக் கூடாது.) கடையிலேயே கார்டை மாட்டச் சொல்லி, பென்டிரைவிலிருந்து ஓடவிட்டு, எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் எத்திரியம் கிரிப்டோ நாணயம் மைனிங் முறையை விட்டதும் மைனிங்கில் வெந்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பயாஸ் மாற்றியவையும் அவற்றில் உண்டு. 580 என்று சொல்லி "2048எஸ்பி" கார்டைக் கொடுத்தால் 570 விலைதான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஏறக்குறைய அதுதான்.

செயற்கை நுண்ணறிவு படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த யோசனை முழுதும் பொருந்தாது. அந்தத் துறையின் பாடங்கள் பெரும்பாலும் என்விடியாவின் கூடா மென்பொருளை நம்பியே இருக்கின்றன. அவர்கள் ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20க்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும்.

வாங்குகிறவர் மட்டும் விழிப்பாக இருந்து பயனில்லை. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்திலேயே சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. பக்கத்து விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அக்கறையும் அனுபவமும் நம்மிடம் இருக்கின்றன. அரசின் கணினி டெண்டர்களிலும் அரசுக் கல்லூரி ஆய்வகக் கொள்முதலிலும் இன்னும் ஒரு வரி சேர வேண்டும்: கிராபிக்ஸ் உட்பட எல்லாப் பாகங்களும் லினக்ஸ் கர்னலிலேயே உள்ள திறமூல டிரைவரில் ஓட வேண்டும். இதற்குக் கூடுதல் செலவு பெரிதாக ஒன்றுமில்லை. ஏஎம்டி, இன்டெல் கிராபிக்ஸ் உள்ள பெரும்பாலான கணினிகள் இந்த நிபந்தனையில் இன்றே தேறிவிடும். மக்கள் வரிப்பணத்தில் வாங்கும் கணினி எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை விற்றவர் முடிவு செய்ய விடக் கூடாது.