பெயர் கொடுத்தவர்கள் பொறுப்பேற்க வேண்டும்!

மயிலாப்பூர் மாட வீதியிலோ, தியாகராய நகர் பாண்டி பஜாரிலோ, அடையாற்றிலோ மாலை நேரத்தில் நடந்து பாருங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த பனியன் அணிந்த இளைஞர்கள் கண்ணில் படுவார்கள். அண்ணனோ அக்காளோ அங்கே படிப்பார்கள். ஊருக்கு வரும்போது வாங்கி வந்தது. நம் கல்லூரிகளின் பெயரிலும் கலைவிழாச் சமயத்தில் சட்டைகள் அச்சாகின்றன. மார்பின் மேல் கல்லூரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைத் தைத்தவள் யார்? அவள் என்ன கூலி வாங்கினாள்? அதைச் சொல்ல ஒரு வரியும் இல்லை.

"இது படித்தவர்கள் வீட்டுச் சங்கதி, நமக்கென்ன?" என்று தோழர்கள் நினைக்க வேண்டாம். பருத்தி பறிப்பவர் விவசாயத் தொழிலாளி. நூல் நூற்பவர் மில் தொழிலாளி. திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பது அவர்கள் பெற்ற பெண். அந்தச் சட்டை முழுவதும் நம் உழைப்பு. அதன் மேலுள்ள பெயர் மட்டுமே மற்றவர்களுடையது. அந்தப் பெயருக்குப் பல்கலைக்கழகங்கள் விற்பனையில் பங்கு வாங்குகின்றன. பெயருக்குக் கூலி தவறாமல் கிடைக்கிறது. கைக்குத்தான் கிடைப்பதில்லை!

இந்த அநீதியை முதலில் தட்டிக் கேட்டவர்களில் அமெரிக்க மாணவர்களும் உண்டு. 1998-ல், தொழிலாளரைக் கசக்கிப் பிழியும் தொழிற்கூடங்களுக்கு எதிராக அவர்கள் ஓர் ஐக்கியம் அமைத்தார்கள். 1999-ன் தொடக்கத்தில் டியூக், ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் பல்கலைக்கழகங்களில் தலைவர்களின் அலுவலகத்துக்குள் சென்று தரையில் அமர்ந்தார்கள். எங்கள் கல்லூரியின் பெயர் எந்த ஆலையில் தைக்கப்படுகிறது, அதன் விலாசத்தைச் சொல் என்பதே அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. விலாசம் வியாபார ரகசியம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள், பல்கலைக்கழகச் சட்டைகள் தைக்கும் ஆலைகளின் பட்டியலை நைக்கி கம்பெனி வெளியிட வேண்டி வந்தது.

மாணவர்கள் அதோடு நிற்கவில்லை. முதலாளிகளே உட்கார்ந்து முதலாளிகளை விசாரிக்கும் கமிட்டி எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். 2000-ல், கம்பெனிகளுக்கு இடமில்லாத தொழிலாளர் உரிமைக் கூட்டமைப்பு உருவாயிற்று. ஓரிகன் பல்கலைக்கழகம் அதில் சேர்ந்ததும் நைக்கி அதிபர் கோபித்துக்கொண்டு, தருவதாக இருந்த 3 கோடி டாலர் நன்கொடையை நிறுத்தினார். ஓரிகன் பின்னர் கூட்டமைப்பை விட்டு விலகியது. கொடை வள்ளலின் முகத்திரை கிழிவதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஹோண்டுராஸ் நாட்டில் ரஸ்ஸல் கம்பெனியின் ஆலை ஒன்றில் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். 2009 ஜனவரியில் கம்பெனி அந்த ஆலையை மூடி, சுமார் 1,200 பேரைத் தெருவில் நிறுத்தியது. மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். சுமார் நூறு பல்கலைக்கழகங்கள் ரஸ்ஸலோடு உறவை அறுத்தன. அதே ஆண்டு நவம்பரில் கம்பெனி பணிந்தது: புதிய ஆலை திறக்கவும், வேலை இழந்தவர்களைத் திரும்ப எடுக்கவும், சங்கத்தை அங்கீகரிக்கவும் ஒப்புக்கொண்டது. தொழிலாளியின் உறுதியும் மாணவனின் ஆதரவும் சேர்ந்தால் கடல் கடந்தும் வெல்லலாம் என்பதற்கு இது அத்தாட்சி.

தோல்வியையும் மறைக்க வேண்டியதில்லை. டொமினிக்கன் குடியரசில் பல்கலைக்கழகத் தொப்பி தைத்த ஆலையொன்றில் 2003-ல் சங்கம் ஒப்பந்தம் கண்டது. 2007-ல் அந்த ஆலை மூடப்பட்டது. வேலை வேறு நாடுகளுக்குப் போயிற்று. கூலி கேட்டால் ஆர்டர் பறந்துவிடும் என்று நம் முதலாளிகள் மிரட்டுவது இதை வைத்துத்தான். அந்த மிரட்டலுக்குப் பதில் வாய்மூடி இருப்பதல்ல. ஆர்டரை எடுத்துக்கொண்டு ஓடாதே, இருந்து நியாயமான கூலிக்கு வழி செய் என்று, ஆலை முதலாளியை மட்டுமல்ல, ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனியையும் கட்டிப்போடும் ஒப்பந்தமே பதில். டொமினிக்கன் நாட்டின் அதே ஊரில் 2010-ல் சங்கத்தோடு ஓர் ஆலை எழுந்தது. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கொடுத்துப் பல்கலைக்கழகச் சட்டை தைத்தது.

நம் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் கர்நாடகத்தில் உயர்ந்த பஞ்சப்படி மாதம் 417 ரூபாய். அதைக் கூட ஆடை முதலாளிகள் கொடுக்கவில்லை. 4 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் ஏமாற்றப்பட்டார்கள். சங்கங்கள் விடாமல் போராடின. மாணவர் கிளர்ச்சியில் பிறந்த அதே கூட்டமைப்பு கணக்கை உலகறிய வெளியிட்டது. 2022-ன் தொடக்கத்தில் மிகப் பெரிய ஏற்றுமதி நிறுவனம் பாக்கியோடு கொடுக்க இணங்கியது.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்ததை மறக்க முடியுமா? 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலையுண்டாள். அதே ஆலையின் மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓயாமல் போராடிற்று. வெளிநாட்டுத் தோழமை அமைப்புகள் துணை நின்றன. 2022-ல் ஆலை நிர்வாகம் மட்டுமல்ல, எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகிய கம்பெனிகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பாலியல் கொடுமையைக் கண்டுசொல்லும் பொறுப்பு தொழிலாளப் பெண்களிடமே தரப்பட்டது. ஓர் உயிர் போன பிறகுதானா இது வர வேண்டும்?

ஆகவே சென்னை மாணவர்களுக்குச் சொல்கிறோம். அமெரிக்க மாணவன் கேட்டதை நீங்கள் கேட்பது அதைவிட எளிது. அவனுக்கு ஹோண்டுராஸ் எங்கோ இருக்கிறது. உங்களுக்குத் திருப்பூர் ஓர் இரவுப் பயணம். ஐ.ஐ.டி.யானாலும், அண்ணா பல்கலைக்கழகமானாலும், மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியானாலும், உங்கள் கல்லூரிப் பெயரில் சட்டை அச்சிடும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: தைக்கும் ஆலை எது? சர்க்கார் நிர்ணயித்த கூலியும், பி.எஃப்.பும், இ.எஸ்.ஐ.யும் உண்டா? சங்கம் வைக்க உரிமை உண்டா? பெண்கள் அச்சமின்றிப் புகார் சொல்ல இடம் உண்டா? பதில் கிடைக்காவிட்டால் உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள்!

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மாணவன் வெளியிலிருந்து கதவைத் தட்டலாம். உள்ளிருந்து திறக்க வேண்டியது சங்கம்தான். ஹோண்டுராஸிலும் திண்டுக்கல்லிலும் முதலில் துணிந்து நின்றவர்கள் ஆலைக்குள் இருந்த தொழிலாளர்களே. மில் விடுதியிலும் தையல் ஆலையிலும் வேலை செய்யும் உங்கள் பெண்களைச் சங்கத்தில் சேருங்கள். அவர்கள் ஊருக்கு வரும்போது, கூலிச் சீட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். போராட்டம் அந்தச் சீட்டிலிருந்து தொடங்கட்டும்.

மாணவர் – தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!