அடுத்தவர் பத்திரத்தில் நம் பாட்டன்

தாத்தா பெயர் தெரியும். அவருடைய அப்பா பெயர் ஓரளவு தெரியும். அதற்கும் முந்தையவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் வெளிநாட்டில் குடியேறிவிட்ட பிள்ளைகளுக்கும் இந்தத் தேடலில் திடீர் ஆர்வம் வருவதுண்டு. மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் திருவனந்தபுரத்தில் பழைய பத்திரங்களோடு என்னிடமும் சிலர் வருகிறார்கள். கையில் பத்திரம் இருப்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான். பத்திரமே இல்லாத குடும்பத்தில் பிறந்தவர் என்ன செய்வது?

முதலில், பத்திரம் இருப்பவர்கள். தமிழர்களைத் தடுமாற வைப்பவை மலையாளச் சொற்கள். இங்கே பத்திர எழுத்தர் அலுவலகங்களில் ‘ஆதாரம் எழுத்து’ என்று பலகை தொங்கும். அடையாள அட்டை சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஆதாரம் என்றால் பத்திரம். ‘தீறாதாரம்’ கிரயப் பத்திரம். ‘முன்னாதாரம்’ நம்முடைய தாய்ப்பத்திரம். ‘வில்பத்திர’த்தை விற்ற பத்திரம் என்று படித்துவிட்டால் கதையே மாறிவிடும், அது உயில். அடுத்த சிக்கல் ஆண்டு. பழைய பத்திரங்களில் இருப்பது ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டு. அதோடு டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்ட வேண்டும். கேரளத்தில் இன்றும் பேசப்படும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ கொல்லம் 1099-ல் வந்தது. ஆங்கிலக் கணக்கில் அது 1924 ஜூலை.

மருமக்கள் வழிக் குடும்பம் என்றால் இன்னும் கவனம் தேவை. சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போன வீட்டில் அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் சீக்கிரமே பாதை முடிந்துவிடும். அம்மா, அம்மாவின் சகோதரன், பாட்டி என்று தாய்வழியில்தான் ஏற வேண்டும். திருவிதாங்கூரில் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த நாஞ்சில் நாட்டில் வேளாளர்களுக்கும் இந்த முறை இருந்தது. அதைக் கேலி செய்துதான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எழுதினார்.

வீட்டில் தொலைந்த பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கலாம். 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு இங்கே கைகொடுக்கும். சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். உயில்கள் 3-ம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல் கிடைக்கும். இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் இருக்காதா? பிரிட்டன் 1921-ம் ஆண்டுக் கணக்கெடுப்பை 2022-ல் திறந்துவிட்டது. அமெரிக்கா 1950-ம் ஆண்டுக் கணக்கெடுப்பை அதே 2022-ல் திறந்தது. இந்தியாவில் 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு அந்தக் கதவை மூடி வைத்திருக்கிறது. கணக்கெடுப்பாளர் எழுதியதைப் பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது. வி. நாகம் ஐயா தயாரித்த 1875-ம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிக்கையில் 23 லட்சம் பேருக்குக் கணக்கு உண்டு. அது எண்ணிக்கையின் கணக்கு. அதில் நம் பாட்டனைத் தேட முடியாது.

ஆனால் எண்களும் பேசும். 1836-ல் திருவிதாங்கூரின் மக்கள்தொகை 12,80,668. அவர்களில் 1,64,864 பேர் அடிமைகள். ஏறக்குறைய எட்டில் ஒருவர். இவர்கள் நிலம் வாங்கவில்லை, உயில் எழுதவில்லை. ஆனாலும் பத்திரங்களில் இருக்கிறார்கள், சொத்தாக. அடிமைகளை விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள், பாட்டத்துக்கு விட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓலை எழுதினார்கள். நாகர்கோவிலுக்கு அருகே அழகியபாண்டியபுரத்தில் கவிமணி கண்டெடுத்த ‘முதலியார் ஓலைக’ளில் அடிமை ஓலைகளும் உண்டு. 1855-ல் அரச பிரகடனம் அடிமை முறையை ஒழித்தது. ஓலைகள் ஒழியவில்லை.

அமெரிக்கக் கறுப்பர்களுக்கும் இதே கதைதான். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் எஜமானரின் பெயர் இருந்தது, அவருக்குக் கீழே அடிமையின் வயது, பால், நிறம் இருந்தன, பெயர் இல்லை. விடுதலை பெற்றவர்களின் பெயர்கள் 1870 கணக்கெடுப்பில்தான் வரத் தொடங்கின. அதற்கு முந்தைய பாட்டன் பாட்டிகளை அவர்களின் சந்ததியினர் எஜமானர்களின் உயில்களிலும் கிரயப் பத்திரங்களிலும் தேடினார்கள். பலருக்குக் கிடைக்கவும் செய்தது.

இங்கும் அந்த வழி அடைபட்டுவிடவில்லை. கேரளத்தில் எத்தனையோ குடும்பங்களின் முதல் பத்திரம் 1970-க்குப் பிறகு நிலச் சீர்திருத்தத்தால் கிடைத்த குடிகிடப்புப் பட்டயம்தான். பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரத்தில் 3. அந்தக் கோப்பில் நிலம் யாருடையதாக இருந்தது என்பதும் இருக்கும். அந்தப் பெயர்தான் நூல்முனை. இனி அந்த வீட்டின் முன்னாதாரங்களில் தேட வேண்டும். முன்னோர் கிறிஸ்தவர் ஆகியிருந்தால் சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் துணைக்கு வரும்.

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் ‘மதிலகம் ரேகைகள்’ சுருணை சுருணையாக இருக்கின்றன. 2022 டிசம்பரில் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டியில் ஓலையைப் பார்ப்பது நல்லதுதான். தேடி வருபவருக்குத் தேவை பெயர் அகராதி. வட்டெழுத்தும் கோலெழுத்தும் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவர்களை வைத்து, வாங்கியவர் விற்றவர் பெயர்களோடு விற்கப்பட்டவர்களின் பெயர்களையும் அகரவரிசைப்படுத்த வேண்டும். பொய்கையில் அப்பச்சன் (1879–1939) தம் மக்களுக்கு எழுதப்பட்ட வரலாறே இல்லை என்று வருந்திப் பாடினார். அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கக்கூடிய வேலை இது.

எல்லாம் அரசிடமும் இல்லை. எவ்வளவோ ஓலைகளும் பத்திரங்களும் பழைய பெரிய வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. வீட்டை இடிக்கும்போது அவை குப்பையோடு போகின்றன. சிலர் ‘அந்த மாதிரி’ ஓலை இருப்பது வெளியே தெரிந்தால் குடும்ப கௌரவம் என்னாவது என்று நெருப்பில் போட்டுவிடுகிறார்கள். முன்னோர் செய்ததற்கு இன்றைய வாரிசு பொறுப்பில்லை. ஓலையை எரித்தால் அதற்கு அவர்தான் பொறுப்பு. அவருக்கு அது தாத்தாவின் பழைய சொத்துக் கணக்கு. இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு, தன் கொள்ளுப்பாட்டியின் பெயர் உலகத்திலேயே அந்த ஒரு ஓலையில் மட்டும்தான் இருக்கும்.