மூல ஓலை எங்கே?

குற்றம் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கிறது? குழம்பில் உப்பு ஒரு கல் கூடுதல் என்று நாத்தனார் சொல்லிவிட்டால் போதும், நம் முகம் சுண்டிப் போகிறது. "நான் அளந்துதான் போட்டேன்" என்று ஒரு வார்த்தை. "அளந்த அழகைத்தான் பார்த்தேனே" என்று எதிர் வார்த்தை. கொஞ்ச நேரத்தில் உப்பை எல்லோரும் மறந்து விடுகிறோம். சண்டை மட்டும் பாக்கி நிற்கிறது. இந்த வாரமும் ஒரு சண்டையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், நேயர்களே. ஆனால் இது உருப்படியான சண்டை.

சென்ற மாதம் உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்ததும் பெண் வீட்டார் வேன் வைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள திருநாவலூருக்குக் கிளம்பினார்கள். நானும் தொற்றிக் கொண்டேன். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் அது. இன்று கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்தது. தரிசனம் முடிந்து பிராகாரத்து நிழலில் உட்கார்ந்ததும், பெண்ணின் பாட்டி குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

கதை நீங்கள் அறிந்ததுதான். சுந்தரருக்குக் கல்யாணம். மணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று, "இவன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ" என்கிறார். மாப்பிள்ளைக்கு வந்த கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போட்டு விடுகிறார். கிழவர் அசரவில்லை. "கிழித்தது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது" என்கிறார். வழக்கு அந்த ஊர்ச் சபைக்குப் போகிறது. பெரியவர்கள் என்ன செய்தார்கள்? சத்தம் போட்டவர் யார், அழுதவர் யார் என்று பார்க்கவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறொரு ஓலையை வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒத்துப் பார்த்தார்கள். ஒத்திருந்தது. சுந்தரர் தோற்றார். தோற்ற வழக்குக்காக 'வன்தொண்டர்' என்று பெயர் கிடைத்தது. வாதாடியவரோ ஆயுளுக்கும் தோழராகி விட்டார்!

"பாட்டி, எங்கள் படிப்பிலும் இதே கதை இருக்கிறது" என்றாள் பக்கத்தில் இருந்த பேத்தி. சென்னையில் ரசாயனம் படிக்கிறாள். குடுவையும் அமிலமும் இல்லாத ரசாயனம். எல்லாம் கம்ப்யூட்டரில் கணக்காகவே போடுவது.

"உன் படிப்பில் கிழவர் யாரடி?" என்றாள் பாட்டி.

"இரண்டு பேர் பாட்டி. கேம்பிரிட்ஜ்காரர்கள்."

அவள் சொன்ன கதையை நான் பிறகு படித்தும் தெரிந்து கொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1952-இல் சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்து சேர்ந்தார் ஜி. என். ராமச்சந்திரன். சர் சி. வி. ராமனின் மாணவர், அப்போது வயது சுமார் முப்பது. கிண்டியில் துறையை அமைத்துக் கொண்டு, 'கொலாஜன்' என்ற புரதத்தை ஆராயத் தொடங்கினார். முகப் பூச்சு விளம்பரங்களில் இன்று அடிபடுகிறதே, அதே கொலாஜன்தான். நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அது. 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். மூன்று இழைகள் சேர்ந்தது கொலாஜன் என்றார்கள். மறு வருஷம் அதைத் திருத்தி, அந்த மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிக் கொண்டு செல்கின்றன என்றார்கள். நம் தலைப் பின்னல் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

உடனே வந்தது ஆட்சேபணை. கேம்பிரிட்ஜிலிருந்த பிரான்ஸிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும், "உங்கள் அமைப்பில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிகவும் நெருங்கி இடிக்கின்றன. இது நடவாது" என்றார்கள். கிரிக் சாமானியரா? டி.என்.ஏ.யின் அமைப்பை 1953-இல் கண்டு சொன்ன இருவரில் ஒருவர் அல்லவா!

ராமச்சந்திரன் ஓலையைக் கிழிக்கவில்லை. "இடிக்கிறது என்கிறீர்கள், சரி. எவ்வளவு நெருங்கினால் இடிக்கும்?" என்ற கேள்வியை எடுத்துக் கொண்டார். அதற்கு மூல ஓலை எங்கே? உலகத்தார் அதுவரை அளந்து வெளியிட்டிருந்த படிகங்களின் கணக்கில் இருந்தது. அவற்றைத் தேடித் தொகுத்து, எந்த இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்று பார்த்தார்கள். பிணைப்பில்லாத இரண்டு கார்பன் அணுக்கள் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குக் கிட்ட வருவதில்லை. மிஞ்சிப் போனால் 3.0 வரை வரலாம். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு! இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எல்லை குறித்தார்கள்.

அத்துடன் நிற்கவில்லை, அங்கேதான் விசேஷம் இருக்கிறது. கொலாஜனுக்கு உள்ள எல்லை மற்றப் புரதங்களுக்கும் உண்டல்லவா? புரதம் என்பது கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக் கூடிய மூட்டு இரண்டு. நாட்டியமாடும் பெண்ணின் தோளும் முழங்கையும் பல விதமாகத் திரும்பலாம். ஆனால் கை மார்பைத் துளைத்துக் கொண்டு போக முடியுமா? அதே போல்தான் அணுக்களும்.

ஒரு காகிதத்தில் புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல் நினைத்துக் கொள்ளுங்கள். குறுக்கே ஒரு மூட்டின் கோணம். நெடுக்கே மற்றதன் கோணம். ஒவ்வொரு புள்ளியிலும் அணுக்களின் இடைவெளியைக் கணக்கிட்டு, இடித்தால் தள்ளு, இடிக்காவிட்டால் வை! ராமச்சந்திரனுடன் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் இந்த வேலையில் இருந்தார்கள். இன்றைய கம்ப்யூட்டர் கிடையாது. மேஜைமேல் வைத்துத் தட்டும் கணக்கு யந்திரந்தான். முடிவில் காகிதத்தின் பெரும்பகுதி வெறுமையாக நின்றது. அனுமதி உள்ள இடம் சில தீவுகளே. 1963-இல் அச்சான அந்தப் படத்துக்கு 'ராமச்சந்திரன் வரைபடம்' என்றே பெயர்.

"இன்றைக்கும் யார் எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், உலகப் பொதுப் பெட்டகத்தில் சேர்க்கும்போது அந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள், பாட்டி. வெறுமையான இடத்தில் புள்ளிகள் விழுந்தால், 'எங்கேயோ தப்பு, திரும்பப் பார்' என்று அர்த்தம். கம்ப்யூட்டரைக் கொண்டு புரதங்களைக் கணித்தவர்களுக்கும் வடிவமைத்தவருக்கும் 2024-இல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் துறையிலும் இந்தப் படம் பாலபாடம்" என்றாள் பெண்.

"அப்படியானால் வழக்கில் ஜெயித்தது யார்?" என்றாள் பாட்டி. நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்.

மூன்று இழை முறுக்கு என்ற சென்னையின் அடிப்படை நிலைத்தது. இழைகளுக்கு நடுவே மூன்று கண்ணிக்கு எத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு என்பதில் சென்னை இரண்டு என்றது. கேம்பிரிட்ஜ் ஒன்று என்றது. 1994-இல் நுட்பமாக அளந்து பார்த்தபோது ஒன்றுதான் என்று தெரிந்தது. ஆக, அந்த விஷயத்தில் நமக்குத் தோல்விதான். ஆனால் அந்த ஆட்சேபணை வராதிருந்தால் இந்தப் படமே வந்திருக்குமோ என்னவோ! நோபல் பரிசு கிட்டாமலே 2001-இல் ராமச்சந்திரன் மறைந்தார். அவர் பெயரை உச்சரிக்காத புரத ஆய்வுக்கூடம் இன்று இருக்க முடியாது.

"உங்கள் கூட்டத்தில் இப்போதும் இப்படிச் சண்டை வருமா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"தினமும் வரும். ஒருவர் கணக்கை இன்னொருவர் கேள்வி கேட்காத நாளே கிடையாது. ஆளைப் பேசக் கூடாது, கணக்கைப் பேச வேண்டும், அவ்வளவுதான் சட்டம்" என்றாள்.

பாட்டி வெற்றிலையை மடித்துக் கொண்டே, "இதை உன் அம்மாவிடமும் அத்தையிடமும் சொல்லடி" என்றாள்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை உப்புக் கரிக்கிறது என்று யாராவது சொன்னால், கரண்டியைக் கீழே போட வேண்டாம். மூல ஓலை அடுப்பின் மேலேயே இருக்கிறது. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பாருங்கள்!