நாற்றுக்கு டியூப் லைட்: நிறத்தைவிட உயரமே முக்கியம்

வெயில் எட்டாத அடுக்குமாடி வீடுகளில், அறைக்குள்ளேயே கீரையும் மிளகாய், தக்காளி நாற்றும் வளர்க்கப் பலர் ஆர்வம் காட்டுகிறார்கள். இவர்களுக்கென்று ஊதாவும் சிவப்பும் கலந்து ஒளிரும் 'செடி விளக்கு' கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது. நாற்று வளர்க்க மட்டும் விரும்புவோருக்கு இது வீண் செலவு.

பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் அதிகம் உறிஞ்சுகிறது என்பது உண்மையே. ஆனால், சாதாரண வெள்ளை டியூப் லைட்டின் ஒளியில் இவ்விரண்டும் கலந்தே உள்ளன. திசு வளர்ப்புக் கூடங்களில் வாழைக் கன்றுகள் வெள்ளை டியூப் லைட்டின் கீழ், நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஒளி பெற்று வளர்கின்றன. அங்கே கன்றுக்குச் சர்க்கரையும் ஊட்டப்படுகிறது. வீட்டு நாற்றுக்கோ ஒளியே உணவுக்கு வழி. எனவே ஒளி குறையக் கூடாது.

இங்குதான் கண் ஏமாற்றுகிறது. நண்பகல் வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். நன்கு வெளிச்சமாகத் தோன்றும் அறையில் 300 லக்ஸ் இருந்தாலே அதிகம். சுவரில் உயரத்தில் எரியும் விளக்கை நம்பினால் நாற்று வெளிறி, நூல்போல நீண்டு சாயும். 4 அடி டியூப் இரண்டை அருகருகே, நாற்றின் நுனிக்கு மேல் 4 முதல் 6 அங்குலத்தில் தொங்கவிட வேண்டும். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும். தினம் 14 மணி நேரம் எரிந்தால் போதும். இரவில் இருட்டும் தேவை.

வீட்டில் பழைய டியூப் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். முனை கறுத்ததை மாற்றிவிட வேண்டும். புதிதாக வாங்குவோர் 6500 கெல்வின் என்று குறிப்பிட்ட எல்.இ.டி. டியூப் வாங்குவதே நல்லது. பழைய 36 வாட் டியூப் இரண்டு, சோக்குடன் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 1¼ யூனிட் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. இரண்டுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். மேலும், பழைய வகை டியூப்பில் பாதரசம் உண்டு. அதன் உற்பத்தியையும் ஏற்றுமதி, இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்தன. உடைந்த டியூப்பை எருக்குழியில் போடவே கூடாது.

காய்கறி காய்க்க இந்த ஒளி போதாது. நான்கைந்து இலை விட்டதும், 7 முதல் 10 நாள் வரை நாற்றைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ மாற்ற வேண்டும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. விளக்கு வாங்குமுன், வீட்டில் நான்கு மணி நேரமாவது வெயில் விழும் இடம் உண்டா என்று பார்ப்பதே முதல் வேலை. இருந்தால், விளக்குச் செலவே மிச்சம்.