வெட்டியாச்சு சரி, நட்டாச்சா?

சீமைக்கருவேலத்தைத் திட்டி ஒரு பதிவாவது போடாத தமிழ்ப் பதிவர் இருந்தா கையைத் தூக்குங்க பார்ப்போம். ஒருத்தரும் இல்லை :-) காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுது, மாட்டை மலடாக்குதுன்னு விதவிதமா கதை சுத்துது. ஆதாரம் கேட்டா ஆளைக் காணோம். அந்த மரம் கெடுதல்னு சொல்ல கதையே தேவையில்லை மக்களே. ஆத்தங்கரையில ஒரு தடவை கால் ஊணிட்டா வேற எதையும் அண்ட விடாது, அது போதாதா?

எனக்குச் சண்டை மரத்தோட இல்லை. வெட்டுற லட்சணத்தோட.

2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டதும் தென்மாவட்டம் முழுக்க ஒரே திருவிழா. ஜேசிபி, மாலை, போட்டோ. அதே வருஷம் ஏப்ரல்ல சென்னையில இடைக்காலத் தடை வந்துச்சு, அது தனிக் கதை. ஆனா வைகைக் கரையில எங்க ஊர்ப் பக்கம் அன்னைக்கு வெட்டின இடத்தை இப்ப போய்ப் பாருங்க. முன்னாடி ஆள் நுழைய வழி இருந்துச்சு, இப்ப ஆடு கூட நுழையாது.

காரணம் ரொம்ப சிம்பிள். வெட்டுற வேலையை ஏலத்துல விட்டா, எடுத்தவருக்குக் காசு கட்டையில. கட்டை விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் போகும். தூரைத் தோண்டினா டீசல் செலவுதான் மிச்சம், அதனால தரையோட அறுத்துட்டுக் கிளம்பிடுவார். அவரைக் குத்தம் சொல்லி என்ன பிரயோசனம், ஒப்பந்தமே அப்படித்தானே எழுதியிருக்கு? அறுத்த தூர்ல ஒண்ணுக்குப் பத்தா துளிர் வெடிக்கும். போதாக்குறைக்கு ஆடு மாடு நெற்றைத் தின்னு சாணியோட ஊர் பூரா விதைக்குது. ஓடு கெட்டியான விதை, மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா காத்துக் கிடக்கும். மரத்தை எடுத்துட்டு மொட்டை வெயில்ல மண்ணைக் கிளறிப் போட்டா அந்த விதைக்கு நாத்தங்கால் தயார். வெட்டினோம்னு நினைக்கிறீங்க, விதைச்சிருக்கோம்!

இன்னொண்ணு. அந்தச் சனியனாவது வேரால கரையைப் பிடிச்சிட்டிருந்துச்சு. அதையும் எடுத்துட்டுச் சும்மா விட்டா அடுத்த வெள்ளத்துல கரையே கரைஞ்சு போகும்.

இதுல கொடுமை, நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்துச் சாய்க்கிறாங்க. பூவைப் பார்த்தாலே தெரியுமே! நாட்டுக்கருவேலத்துக்கு மஞ்சப் பந்து மாதிரி பூ, மணி கோத்தாப்புல நெற்று. சீமைக்கு நீட்டுக் கதிரா பூ, பீன்ஸ் மாதிரி நெற்று. இது கூடத் தெரியாத ஆளு கையில ஜேசிபி.

"எடுத்துட்டா போதும், இயற்கை தன்னால பாத்துக்கும்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். எங்கிருந்து பாத்துக்கும்? விதை போட அக்கம்பக்கத்துல தாய்மரம் வேணாமா? தென்னாப்பிரிக்காவுல 1995-ல் இருந்து அரசாங்கத் திட்டமாவே ஆத்தங்கரை அயல் மரங்களை எடுத்துட்டு வர்றாங்க. அவங்க பட்ட பாடு சொல்றது இதுதான்: ஒரு தடவை வெட்டினா வேலை முடியாது, திரும்பத் திரும்பப் போய்த் துளிரையும் நாத்தையும் பிடுங்கணும். நம்மூர்ல ரெண்டாவது தடவைக்கு மாலை கிடையாது, அதான் பிரச்சனை.

நடுறதும் ஒரு கூத்து. வி.ஐ.பி. வர்றார்னா குல்மோகர் கன்னு ரெண்டு. அதுவே மடகாஸ்கர் மரம், ஆத்தங்கரைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம கரைக்குன்னு இருக்கிறதே ஏகப்பட்டது இருக்கு. தண்ணி தொடுற ஓரத்துல நாணல், கோரை, வெட்டிவேர். சரிவுல நொச்சி, ஆடு மாடு அவ்வளவா வாய் வைக்காது, குச்சியை ஒடிச்சு ஊணினாலே பிடிச்சுக்கும். மேல கரையில நீர்மருது, நாவல், புங்கை, இலுப்பை. மருதமரத்துப் பேர்ல ஒரு திணையே வெச்ச ஜனம் நாம, திருவிடைமருதூர்ல தலமரமே அதுதான். இப்ப மருதமரத்தை அடையாளம் காட்டச் சொன்னா எத்தனை பேருக்குத் தெரியும்? அதுக்காக ஆத்துக்கு நடுவுல மணல்ல கொண்டு போய்க் கன்னு நடாதீங்க சாமி, அது தண்ணி போற வழி.

2022-ல் தமிழக அரசு இதுக்குன்னு ஒரு கொள்கையே வெளியிட்டுச்சு. அயல் தாவரம், சூழல் மீட்டெடுப்பு ரெண்டும் அதோட தலைப்புலயே இருக்கு. களத்துல பாதித் தலைப்புதான் நடக்குது.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணுமில்லை. வெட்டுற ஒப்பந்தத்துலயே தூர் எடுக்கவும், அடுத்த மூணு வருஷம் துளிர் பிடுங்கவும் காசு ஒதுக்கு. நடக் கன்னு கையில இருக்கிற அளவுக்கு மட்டும் கரையைத் திற, மிச்சத்தை அடுத்த வருஷம் பார். கன்னு வேணும்னா ஒரு வருஷம் முன்னாடியே நாத்து விட்டிருக்கணும். நாவல் கொட்டையை எடுத்து வெச்சு ஆற அமரப் போட முடியாது, சீக்கிரம் முளைப்பு போயிடும். ஆனி, ஆடியில பழம் விழும்போதே பொறுக்கிப் பையில போட்டாகணும். இந்த வருஷம் பழம் தின்னுட்டுக் கொட்டையைத் துப்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க :-)