ஊரார் வீட்டு நெய்

"இது மத்திய அரசுப் பணம். நம் கையிலிருந்து ஒரு காசு போகவில்லை." அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் தரவு மென்பொருளுக்கான ஒப்பந்தம் வாரியத்தின் முன் வரும்போதெல்லாம் இந்தப் பேச்சும் கூடவே வரும். எதற்கு இது என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் தயார். "எந்தப் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்?" முதலில் சொன்னது பொய். இரண்டாவது கேட்பதற்கு நியாயமாக இருப்பதால் யாரும் அதைத் திருப்பிக் கேட்பதில்லை. கெடுதல் அங்கேதான் இருக்கிறது.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள் நம் பக்கம். இங்கே ஊரார் யார் என்று முதலில் பார்த்துவிடலாம். 1965 ஏப்ரல் 11 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன், டெக்சாஸில் தான் சிறுவயதில் படித்த பள்ளிக்குப் போய், தனக்கு எழுத்தறிவித்த ஆசிரியை கேட் லோனியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம் அது. அதன் முதல் பகுதியான 'டைட்டில் ஒன்' ஏழைப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பணம். இளைஞராக இருந்தபோது கொட்டுலா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியவர் ஜான்சன். பசியோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்தவர். மாநிலமும் மாவட்டமும் எப்படியும் செய்தாக வேண்டிய செலவுக்கு இந்தப் பணத்தைக் கொட்டிக்கொள்ளக் கூடாது, அதற்கு மேல் கூடுதலாகத்தான் இது போய்ச் சேரவேண்டும் என்பது இந்த நிதிக்கான விதி. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 கோடி டாலர். மாவட்ட அலுவலகத்தில் 'ஓசிப் பணம்' என்று நினைத்துச் செலவழிப்பது இந்தப் பிள்ளைகளின் பங்கைத்தான்.

பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வந்த பணம், பிள்ளையை அளக்கப் போனது ஒரே நாளில் நடந்ததல்ல. 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்புக்கும் கணக்குக்கும் தேர்வு வைத்தது. 2014-க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேர்ச்சி என்று இலக்கு வைத்தார்கள். அது நடக்காது என்பது அதை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் ஆண்டுத் தேர்வு வந்ததும், ஆண்டுத் தேர்வில் பிள்ளை எப்படிச் செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லும் இடைத்தேர்வுகள் வந்தன. அவற்றின் மதிப்பெண்ணைப் படமாக்கும் மென்பொருள் வந்தது. படத்தை விளக்கப் பயிற்சியாளர் வந்தார். 2009-இல் ஒபாமா அரசு 435 கோடி டாலரை 'ரேஸ் டு தி டாப்' போட்டியில் வைத்தபோது, மாநிலங்கள் செய்துகாட்ட வேண்டிய நான்கு சீர்திருத்தங்களில் ஒன்று தரவு அமைப்பு கட்டுவது.

பிறகு கொரோனா. மூன்று தவணைகளில் பள்ளிகளுக்கு 19,000 கோடி டாலர் இறங்கியது. 2020 டிசம்பர் சட்டத்தில் கற்றல் இழப்பை எப்படி ஈடுகட்டலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் நிற்பது தரமான மதிப்பீட்டுத் தேர்வுகள். விற்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? தங்கள் சரக்கை எந்தெந்த மத்திய நிதியில் வாங்கலாம், விண்ணப்பத்தில் என்ன வாசகம் எழுதலாம் என்று அவர்களே கையேடு போட்டுக் கொடுத்தார்கள். மாவட்ட அதிகாரி அதை வெட்டி ஒட்டினால் போதும்.

'சான்று உள்ள திட்டத்துக்குத்தான் பணம் என்று சட்டமே சொல்கிறதே' என்று வாதிடுவார்கள். சொல்கிறதுதான். 2002 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சான்றை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. வலுவான சான்று, நடுத்தரம், நம்பிக்கை தருவது என்று மூன்று போக, நான்காவது படி, 'காரணம் காட்டுவது'. இந்தத் திட்டம் ஏன் பலன் தரக்கூடும் என்று அம்புக்குறி போட்ட ஒரு படமும், இனிமேல் ஆராய்கிறோம் என்ற ஒரு வாக்குறுதியும் இருந்தால் நான்காம் படியில் ஏறிவிடலாம். மிக மோசமான நிலையில் உள்ள பள்ளிகளுக்கான மேம்பாட்டு நிதிக்கு மட்டும் இந்தப் படி செல்லாது. மற்ற பல செலவுகளுக்குச் செல்லும்.

சரி, உண்மையான சான்று என்ன சொல்கிறது? மத்தியக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவே பணம் கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. 12 மாவட்டங்கள், 102 பள்ளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளுக்குத் தரவைப் படித்துச் சொல்லவென்றே பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவரைக் கொடுத்தார்கள்; ஒன்றரை ஆண்டு பயிற்சியும் கொடுத்தார்கள். மென்பொருளை வாங்கி மூலையில் போட்டுவிட்ட பள்ளிகள் அல்ல இவை. தரவை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று கைபிடித்துக் காட்டப்பட்டவை. விளைவு? பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, ஆசிரியர்கள் தரவைப் பார்க்கும் விதமும் மாறவில்லை, பாடம் நடத்தும் விதமும் மாறவில்லை. அதற்கு முன்பே, 2012-இல், இல்லினாய் மாநிலத்தில் 32 தொடக்கப் பள்ளிகளில், நாடு முழுக்கப் பரவியிருக்கும் 'மேப்' என்ற இடைத்தேர்வையும் அதற்கான ஆசிரியர் பயிற்சியையும் சோதித்தார்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை. ஹார்வர்டு பேராசிரியர் ஹெதர் ஹில் இத்தகைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2020-இல் எழுதினார். மொத்தம் 23 அளவீடுகளில் மூன்றில் மட்டுமே புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க விளைவு. அந்த மூன்றிலும் ஒன்று பாதகமானது.

ஏன் இப்படி? மூன்றாம் வகுப்பு ஆசிரியையின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். திரையில் இருபத்துச் சொச்சம் பெயர்கள், பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள். சிவப்பில் இருக்கும் பையன் சொல்லைக் கூட்டிப் படிக்கத் திணறுகிறான் என்பது அந்த அம்மாவுக்குப் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே தெரியும். அவன் வாய்விட்டுப் படிப்பதைத் தினமும் கேட்கிறவர் அவர். அவருக்குத் தெரியாதது வேறு: மற்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவனோடு தனியாக உட்கார நேரம் எங்கிருந்து வரும், இதுவரை சொல்லித்தந்த முறை பலிக்காதபோது வேறு எந்த முறையில் சொல்லித்தருவது. இந்த இரண்டுக்கும் திரையில் கட்டம் கிடையாது. அதனால் தரவுக் கூட்டம் முடிந்து வகுப்புக்குத் திரும்புகிற ஆசிரியை, நடத்திய பாடத்தையே மறுபடி நடத்துகிறார். அதே விதமாக, கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் சத்தமாக. எமிஸ் என்ற பள்ளித் தகவல் செயலியில் விவரம் ஏற்றியே களைத்துப்போகும் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

முன்கூட்டியே ஆபத்தைச் சொல்லும் கருவி என்றால் பலன் இருக்காதா என்று கேட்கலாம். விஸ்கான்சின் மாநிலம் அப்படி ஒன்றைப் பத்தாண்டுக்கு மேலாக வைத்திருக்கிறது. எந்தப் பிள்ளை பள்ளிப் படிப்பை உரிய காலத்தில் முடிக்காது என்று அது கணித்துச் சொல்லும். 2023-இல் 'தி மார்க்கப்' இதழ் தோண்டிப் பார்த்தபோது, 'முடிக்காது' என்று அது கைகாட்டிய பிள்ளைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஒழுங்காகப் படிப்பை முடித்திருந்தார்கள். தவறாகக் கைகாட்டப்படும் விகிதம் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளிடையே வெள்ளையரைவிட அதிகம். அந்த எச்சரிக்கையால் ஆபத்துப் பட்டியலில் இருந்த பிள்ளைகளின் தேர்ச்சி கூடியதற்கு அடையாளமே இல்லை என்று பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சொன்னார்கள். யாருக்காக அந்த நிதி பிறந்ததோ அவர்கள் மேலேயே முத்திரை குத்துகிற வேலையைக் கருவி செய்கிறது.

தரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிகாகோவில் நடந்ததைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு முடியும்போது பிள்ளை ஐந்து பாட அலகுகளை முடித்திருக்க வேண்டும். முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருக்கிற பிள்ளை நான்கு ஆண்டில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. தேர்வு மதிப்பெண்ணைவிட, குடும்ப வருமானத்தைவிட இது நன்றாகக் கணித்தது. இதற்கு என்ன தரவு வேண்டும்? ஆசிரியரின் மதிப்பெண் பதிவேடு. அது ஏற்கெனவே எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. மாவட்ட அலுவலகம், வழுக்குகிற பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வருடக் கடைசியில் அனுப்பாமல், வருடம் நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளிக்கு அனுப்ப ஆரம்பித்தது. பிறகு நடந்ததெல்லாம் மனிதர் செய்தது. ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் யார் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். இன்னொன்றில் வீட்டுக்குப் போன் செய்தார்கள். வேறொன்றில் விடுபட்ட பாட வேலையைப் பள்ளி விட்ட பிறகு உட்காரவைத்து முடிக்கவைத்தார்கள். 2007-இல் 57 சதவீதமாக இருந்த 'தடத்தில் இருக்கும்' பிள்ளைகள், 2013-இல் 82 சதவீதம் ஆனார்கள்.

இந்தக் கதையைச் சொல்லித்தான் இன்று பல நிறுவனங்கள் 'முன்னெச்சரிக்கை டேஷ்போர்டு' விற்கின்றன என்பது வேடிக்கை. போன் செய்த ஆசிரியரை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

இப்போது காசுக்கு வருவோம். நான் போய் உட்கார்ந்த ஒரு வாரியக் கூட்டத்தில், மென்பொருள் புதுப்பிப்புகள் அத்தனையும் 'ஒப்புதல் கட்டு' என்ற பெயரில் ஒரே பொட்டலமாக வந்தன. யாரும் வாய் திறக்கவில்லை, எல்லாரும் 'ஆம்' என்றார்கள், முடிந்தது. அதற்குப் பிறகு விளையாட்டுத் திடலுக்குச் செயற்கைப் புல் போடுவதா வேண்டாமா என்று மணிக்கணக்கில் சண்டை. புல் உள்ளூர்ப் பணம், அதனால் சண்டை. மென்பொருளின் பக்கத்தில் 'டைட்டில் ஒன்' என்று இருந்தது, அதனால் அமைதி.

கணக்குக்காகப் பத்தாயிரம் பிள்ளைகள் உள்ள மாவட்டம் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஒரு மென்பொருள், தலைக்கு ஆண்டுக்குப் பத்து டாலர் என்றால் ஒரு லட்சம் டாலர். அமெரிக்காவில் ஆசிரியரின் சராசரிச் சம்பளம் எழுபதாயிரத்தை ஒட்டி இருக்கிறது. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் சேர்த்தால் அந்த ஒரு லட்சம், ஒரு வாசிப்பு ஆசிரியர். மாவட்டங்கள் ஒரே ஒரு மென்பொருளோடு நிற்பதுமில்லை. தேர்வுக்கு ஒன்று, வருகைக்கு ஒன்று, நடத்தைக்கு ஒன்று, இவை மூன்றையும் சேர்த்துக் காட்ட இன்னொன்று. நேரடியாகப் பிள்ளையோடு உட்காரும் தனிப்பயிற்சி பற்றி 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, கல்வித் துறையில் அபூர்வமாகக் காணக்கூடிய அளவுக்குப் பெரிய பலனைக் காட்டியது. ஆனால் தனிப்பயிற்சிக்கு ஆள் தேட வேண்டும், நேர அட்டவணையைக் கலைத்து அடுக்க வேண்டும். மென்பொருளுக்குக் கையெழுத்துப் போட்டால் போதும்.

மத்தியப் பணம் நிலையானதும் அல்ல. கொரோனா நிதியின் கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30-க்குள் ஒப்பந்தமாக்கியாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள், அதோடு தீர்ந்தது. 2025 ஜூலை முதல் தேதி பள்ளிகளுக்கு வரவேண்டிய ஏறத்தாழ 700 கோடி டாலரை டிரம்ப் அரசு நிறுத்திவைத்து, கூச்சல் எழுந்த பிறகு மாதக் கடைசியில்தான் விடுவித்தது. நிதி வருவது நின்றாலும் ஆண்டுச் சந்தா நிற்காது. அதே 2025-இல், எது பலன் தருகிறது என்று ஆராயும் மத்திய ஆய்வுப் பிரிவின் ஒப்பந்தங்களையும் ஆட்களையும் வெட்டித் தள்ளினார்கள். 102 பள்ளிகளில் சோதித்து 'பலனில்லை' என்று சொன்ன அலுவலகம் அதுதான்.

திரட்டிய தரவு எங்கே போகிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2024 டிசம்பரில், பள்ளிகளுக்கு மென்பொருள் விற்கும் பவர்ஸ்கூல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவித் தளம் ஒன்றில், திருடப்பட்ட ஒரே கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்து, கோடிக்கணக்கான மாணவர்களின் விவரங்களை அள்ளிப் போனார்கள். பெயர், முகவரி, சிலருக்குச் சமூகப் பாதுகாப்பு எண், மருத்துவக் குறிப்பு. நிறுவனம் பணயப் பணம் கொடுத்தது. அப்படியும் 2025 மே மாதத்தில் மாவட்டங்களுக்கு மிரட்டல் மறுபடி வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவன் 19 வயதுக் கல்லூரி மாணவன்.

'அளக்காமல் விட்டால் ஏழைப் பிள்ளைகளின் பின்தங்கலை மறுபடியும் மூடி மறைத்துவிடுவார்களே' என்பது தரவு வேண்டும் என்பவர்கள் தரப்பில் நேர்மையாக எழும் ஒரே கேள்வி. 2002 சட்டம் இன வாரியாக, வருமான வாரியாக மதிப்பெண்ணை வெளியிடச் சொன்னதால்தான், சராசரிக்குப் பின்னால் பல மாவட்டங்கள் ஒளித்துவைத்திருந்தது வெளியே வந்தது. அதை நான் மறுக்கவில்லை. அந்த அளவை மாநிலம் தன் தேர்வின் மூலம் ஏற்கெனவே செய்கிறது. அதற்கு மேல் மாவட்டம் இன்னொரு தடவை, இன்னும் இரண்டு தடவை அளக்க விரும்பினால் அளக்கட்டும், உள்ளூர் வரிப்பணத்தில். வருகைப் பதிவும் மதிப்பெண் பதிவும் எல்லாப் பள்ளிக்கும் பொதுவான வேலை. அதற்கான மென்பொருளும் பொதுக் கணக்கில் போகட்டும். டைட்டில் ஒன் கணக்கில் இருக்கும் மென்பொருள் புதுப்பிப்பு ஒவ்வொன்றையும் ஒப்புதல் கட்டிலிருந்து பிரித்துத் தனியே விவாதத்துக்கு வைக்க வேண்டும். போன வருடம் இதைப் பார்த்து எந்தப் பிள்ளைக்கு என்ன மாற்றிச் செய்தீர்கள் என்று தலைமையாசிரியர்களைக் கேட்க வேண்டும். அந்தத் தொகைக்கு எதிரே, அதே பணத்தில் எத்தனை வாசிப்பு ஆசிரியர்களை அமர்த்தலாம் என்ற எண்ணையும் அச்சடித்து வாரிய உறுப்பினர்கள் முன்னால் வைக்க வேண்டும்.