'இயற்கை' என்று எழுதியிருந்தால் போதுமா?

சிப்பிக்காளான் நூற்புழுவைக் கொல்லும் என்ற வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது. விஷயம் பொய் இல்லை. மட்கும் மரத்தில் வளரும் அந்தக் காளானுக்கு நைட்ரஜன் பற்றாக்குறை. அதற்காகவே புழுவைக் கொன்று தின்கிறது. 2023-இல் தைவான் விஞ்ஞானிகள் அது கொல்லும் விதத்தையும் காட்டினார்கள். காளான் இழையிலுள்ள சின்னஞ்சிறு குமிழ்கள் உடைந்து, 3-ஆக்டனோன் என்ற ஆவியாகும் பொருள் வெளிவருகிறது. புழுவின் செல் சவ்வு சிதைந்து, சில நிமிடங்களில் அது முடங்கிவிடுகிறது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஆயுதம்!

வீடியோவின் கடைசி வரிதான் உறுத்தியது: "இயற்கை, அதனால் பக்கவிளைவே கிடையாது. ஊருக்கு வாங்கிக் கொடுங்கள்."

ஊரில் தேவை இருப்பது நிஜம். பழனி பக்கம் ஆயக்குடி கொய்யாவை வேர்முடிச்சு நூற்புழு தாக்குகிறது. சித்தப்பா தோட்டத்திலும் இலை மஞ்சளாகி மரம் காய்கிறது. தோண்டிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருக்கிறது. ரசாயனத்துக்கே திரும்பலாம் என்றால், டிபிசிபி கதை தெரியும்தானே? நூற்புழுவுக்காக மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அடித்த மருந்து, அங்கே வேலை செய்த ஆண்களை மலடாக்கியது.

ஆகவே எனக்கும் பூஞ்சை வழிதான் பிடிக்கிறது. ஆனால் நிலக்கடலையில் வரும் அஃப்ளடாக்சினும் பூஞ்சை தயாரிக்கும் இயற்கைப் பொருள்தானே? அது ஈரல் புற்றுநோயைத் தரும். 3-ஆக்டனோனும் ஆய்வகத் தட்டில் வேலை செய்ததால் மட்டும் தோட்டத்து மண்ணில் செய்துவிடாது. மண்ணில் நமக்கு நன்மை செய்யும் நூற்புழுக்களும் உண்டு, அவற்றை என்ன செய்யும் என்பதையும் சோதித்தாக வேண்டும். புது ரசாயனத்துக்கு வைக்கும் அதே சோதனையை இதற்கும் வைக்கணும், சலுகை கூடாது.

இப்போதைக்குக் கையில் இருப்பது உயிருள்ள பூஞ்சை. பர்பூரியோசிலியம் லிலாசினம் என்பது நூற்புழுவின் முட்டைக்குள் புகுந்து அழிக்கும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. தொழுவுரத்தோடு கலந்து வேரடியில் இடுவார்கள். ஆனால் புட்டிக்குள் பூஞ்சை செத்திருந்தால் வெறும் தூள்தான். உயிருள்ள வித்துகளின் எண்ணிக்கையும் காலாவதி தேதியும் லேபிளில் இல்லையென்றால் நாம் அனுப்பும் பணம் வேஸ்ட்.

"இன்ஜினியர் மருந்து அனுப்புவான்னு பார்த்தா, மண்ணையும் வேரையும் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்றியேடா" என்று சித்தப்பா சிரித்தார். ஆமாம், முதல் செலவு அதற்குத்தான். அடுத்தது முடிச்சில்லாத நாற்றுக்கு. இந்தப் புழு நர்சரிக் கன்றின் வேரிலேயே ஏறி வருகிறது, சித்தப்பா.